நாலரைக்கே இருட்டுகிற ஊரில் எங்கே சுற்றுவது? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஜெர்மனியில், மியூனிக்கில் எம்.எஸ். படிக்க வந்து மூன்று மாதம் ஆகிறது. டிசம்பர் 24 முதல் வகுப்பு இல்லை. கூட இருப்பவர்கள் எல்லாரும் நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்குப் போகலாம் என்கிறார்கள். கையில் காசு குறைவு, குளிரும் எனக்குப் புதுசு. காலையில் போய் ராத்திரி திரும்புகிற மாதிரி இடங்கள் சொல்லுங்களேன். (திருச்சி மாணவர்)

பதில்: தம்பி, இடத்துக்கு முன்னால் வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கே என் முதல் குளிர்காலத்தில் நான் வீணாக்கியது அதைத்தான். டிசம்பர் கடைசியில் மியூனிக்கில் எட்டு மணிக்குத்தான் சூரியன் வரும், சாயங்காலம் நாலு இருபதுக்குப் போய்விடும். மேகம் மூடிய நாள் என்றால் மூன்றரைக்கே மங்கல். ஞாயிற்றுக்கிழமைதானே என்று நிதானமாக எழுந்து, தோசை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு பத்தரை மணி ரயிலைப் பிடித்தால், போய் இறங்கி கழிப்பறை தேடி முடிப்பதற்குள் பாதிப் பகல் தீர்ந்திருக்கும். அதனால் இருட்டிலேயே ரயில் ஏறுங்கள், விடிந்ததும் இறங்குங்கள். வெட்டவெளியில் பார்க்க வேண்டியதை மதியத்துக்குள் முடித்துவிட்டு, அப்புறம் அருங்காட்சியகம், தேவாலயம், காபிக்கடை என்று கூரைக்குக் கீழே போய்விட வேண்டும்.

காசு விஷயம். டாய்ச்லாண்ட் டிக்கெட் என்கிற மாதச் சீட்டு 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது, 2026 ஜனவரியிலிருந்து 63. மாணவர்களுக்கு அதையே செமஸ்டர் டிக்கெட்டாகக் குறைந்த விலையில் பல பல்கலைக்கழகங்கள் தருகின்றன, உங்களுடையதில் உண்டா என்று முதலில் பாருங்கள். இது கையில் இருந்தால் நாடு முழுக்க வட்டார ரயில், நகரப் பேருந்து, மெட்ரோ எல்லாம் அடக்கம். ஐ.சி.இ., ஐ.சி. போன்ற வேக ரயில்களில் மட்டும் செல்லாது. டிக்கெட்டில் பெயர் இருக்கும், நண்பனிடம் கடன் வாங்கிக்கொண்டு போக முடியாது.

சரி, கோட்டை. மியூனிக்கிலிருந்து ஃப்யூஸன் வரை ரயிலில் இரண்டு மணி நேரம், அங்கிருந்து பேருந்து, பேருந்து விட்டு இறங்கி அரை மணிக்கு மேல் ஏற்றம். இரண்டாம் லுட்விக் மன்னர் 1869-ல் கட்டத் தொடங்கிய கோட்டை, 1886-ல் அவர் இறக்கும்போதும் முடியவில்லை. உள்ளே வழிகாட்டியோடு சுமார் அரை மணி நேரம் சுற்றிக் காட்டுவார்கள், படம் எடுக்கக் கூடாது. நீங்கள் எல்லாரும் படத்தில் பார்த்து ஆசைப்படுகிற அந்தக் காட்சி கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற மரியன் பாலத்திலிருந்து எடுத்தது, பனியும் உறைபனியும் இருந்தால் அந்தப் பாலத்தையே மூடிவிடுவார்கள். மூடுபனி இறங்கிய நாளில் கோட்டையும் தெரியாது, மலையும் தெரியாது, வெள்ளைச் சுவர் மாதிரி ஒன்றைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். முதல் நாளே வானிலை பார்த்து, வெயில் என்றால் மட்டும் போங்கள். நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள், 24, 25, 31 டிசம்பர், ஜனவரி 1 விடுமுறை. என்னைக் கேட்டால் அதை மே மாதத்துக்குத் தள்ளிவைப்பேன்.

குளிர்காலத்துக்கு என் முதல் தேர்வு ரேகன்ஸ்பர்க். ரயிலில் ஒன்றரை மணி நேரம். டான்யூப் நதி மேல் 12-ம் நூற்றாண்டில் கட்டிய கல் பாலம் இன்னும் நிற்கிறது, காலையில் ஆற்றிலிருந்து ஆவி எழும்பும்போது அதன் மேல் நின்றால் போதும். பழைய நகரம் சின்னது, சந்து சந்தாக நடந்தே முடித்துவிடலாம், குளிர் தாங்கவில்லை என்றால் பெரிய தேவாலயத்துக்குள் போய் உட்காரலாம். இலவசம். அடுத்தது நூரம்பர்க். இங்கேதான் ஒரு சமாச்சாரம்: அங்கே கிறிஸ்துமஸ் சந்தை டிசம்பர் 24-ம் தேதி மதியத்தோடு முடிந்துவிடும், உங்கள் விடுமுறை தொடங்குவதே அன்றைக்கு. விடுமுறையில் போனால் கடைப் பலகைகளைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள். அதனால் அதற்கு முந்தைய வாரத்திலேயே ஒரு நாள், கூடுமானவரை சனிக்கிழமையைத் தவிர்த்து, போய் வந்துவிடுங்கள். ஒன்றே முக்கால் மணி நேரத்தில் கொண்டுபோய் விடுகிற வட்டார ரயிலே இருக்கிறது.

எங்கும் போக மனமில்லாத ஞாயிறு வந்தால் மியூனிக்கிலேயே பினகோதேக் ஓவியக் கூடங்களுக்குப் போங்கள், ஞாயிற்றுக்கிழமை நுழைவுக் கட்டணம் ஒரு யூரோதான். ஜெர்மன் ஓவியர் ட்யூரர் தன்னைத்தானே வரைந்த ஓவியம் பழைய பினகோதேக்கில் இருக்கிறது.

கேள்வி: ஆஸ்திரியாவில் இருக்கிற சால்ஸ்பர்குக்கும் டாய்ச்லாண்ட் டிக்கெட்டே செல்லும் என்கிறார்களே, விசா வேண்டாமா? (மாணவி, ஆக்ஸ்பர்க்)

பதில்: செல்லும், சால்ஸ்பர்க் பிரதான ரயில் நிலையம் வரைக்கும். அதற்கு மேல் உள்ளூர்ப் பேருந்தில் ஏறினால் தனிச் சீட்டு. ஜெர்மன் குடியிருப்பு அட்டை இருந்தால் ஷெங்கன் ஒப்பந்தத்தில் சேர்ந்த ஐரோப்பிய நாடுகளுக்குள் 180 நாளில் 90 நாள் வரை போய் வரலாம், தனி விசா கிடையாது. ஆனால் திரும்பும்போது எல்லையில் போலீஸ் ரயிலில் ஏறிச் சோதிக்கும். பாஸ்போர்ட், அட்டை இரண்டும் அசலாகக் கையில் இருக்க வேண்டும், போனில் இருக்கிற படத்தைக் காட்டி வாதாட வேண்டாம். அட்டை இன்னும் வரவில்லை, தற்காலிகக் காகிதம்தான் இருக்கிறது என்றால் வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்காமல் எல்லையைத் தாண்டாதீர்கள்.

கேள்வி: என் மகள் சனி ஞாயிறு ஆனால் தனியாக ரயிலேறிப் பனியில் சுற்றுகிறாள். இங்கே எனக்குத் தூக்கம் வரவில்லை. (ஒரு அம்மா, மதுரை)

பதில்: அம்மா, போக வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த நாலு மாத இருட்டில் அறைக்குள்ளேயே கிடப்பதுதான் பிள்ளைகளை வாட்டும். காலில் என்ன போடுகிறாள் என்று கேளுங்கள். இங்கிருந்து கொண்டுபோன ஸ்போர்ட்ஸ் ஷூ வழுக்கும், ஈரமும் ஏறும். நீர் புகாத, அடிப்பாகம் பள்ளம் பள்ளமாக இருக்கிற பூட்ஸ், கம்பளிச் சாக்ஸ் போட இடம் இருக்கும்படி கொஞ்சம் பெரிதாக. பருத்திச் சாக்ஸ் நனைந்தால் காயாது. ஒரே ஒரு தடித்த கோட் போடுவதைவிட வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காகப் போடுவது நல்லது, ஏனென்றால் ரயிலுக்குள் ஹீட்டர் வேர்க்க வைக்கும், உரித்துக்கொள்ள வேண்டும். குளிரில் போன் சார்ஜ் சட்டென்று இறங்கும், அவள் எடுக்கவில்லை என்றால் பாதி நேரம் காரணம் அதுதான். உள்சட்டைப் பையில் வைக்கச் சொல்லுங்கள், ஒரு பவர் பேங்க்கும். அவசர எண் 112, அங்கே எல்லாருக்கும் தெரியும்.

கேள்வி: நான் சைவம். கிறிஸ்துமஸ் சந்தையில் என்ன சாப்பிடுவது?

பதில்: உருளைக்கிழங்கைத் துருவிப் பொரித்த அடை, ஆப்பிள் கூழோடு தருவார்கள். முட்டை சேர்ப்பது உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். சுட்ட கஷ்கொட்டை எல்லா மூலையிலும் கிடைக்கும். சூடான ஒயின் வேண்டாம் என்றால் கிண்டர்புன்ஷ் கேளுங்கள், அதில் மது கிடையாது. கோப்பைக்கு முன்பணம் பிடிப்பார்கள், திருப்பிக் கொடுத்தால் காசு வரும், எத்தனையோ பேர் தெரியாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து அடுக்கியிருக்கிறார்கள். ஞாயிறன்று பலசரக்குக் கடைகள் மூடியிருக்கும், எனவே எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போங்கள். ரயிலில் பிரித்துச் சாப்பிட்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: நீங்கள் போய் மாட்டிக்கொண்டது உண்டா?

பதில்: டேகெர்ன்ஸே ஏரிக்குக் கிளம்பினேன். ஒரே ரயில்தான், ஆனால் நடுவில் ஹோல்ட்ஸ்கிர்ஷனில் பெட்டிகளைப் பிரித்து வேறு வேறு ஊருக்கு அனுப்புவார்கள். அறிவிப்பு ஜெர்மனில் வந்தது, நான் ஜன்னலில் பனியை ரசித்துக்கொண்டிருந்தேன். டேகெர்ன்ஸே வரவில்லை, மலை வந்துகொண்டே இருந்தது. பைரிஷ்செல்லில் தடம் முடிந்து இறங்கினேன். திரும்பும் ரயிலுக்கு நேரம் இருந்தது, ஊரில் திறந்திருந்த ஒரே கடையில் ஆப்பிள் கேக் சாப்பிட்டேன். கேக் நன்றாகவே இருந்தது. அன்று முதல் பெட்டிக்கு வெளியே எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் படிக்காமல் ஏறுவதில்லை.

கேள்வி: ஏரி உறைந்திருந்தால் மேலே நடக்கலாமா?

பதில்: வேண்டாம். உள்ளூர்க்காரர்கள் நடந்தாலும் வேண்டாம்.