மூன்று பேர் சொன்ன மூன்று லேசர்

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு 27 வயது. கரூரிலிருந்து கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஊரில் இருந்தவரை நெற்றியில் எப்போதாவது ஒரு பரு வரும், போகும். இப்போது தாடை ஓரமெல்லாம் உள்ளே கல் மாதிரி வலியோடு வருகிறது. ஆறினாலும் கறுப்புத் தடம் விட்டுப் போகிறது. மாதவிலக்கும் தள்ளித் தள்ளித்தான் வருகிறது. என் நாத்தனார் லேசர் செய்தார், முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. என்னோடு வேலை பார்க்கும் பெண்ணுக்கு அதே லேசரால் இரண்டு கன்னமும் கறுத்துவிட்டது. கோவையில் என் சித்தி மகள் ஆறு சிட்டிங் முடித்தாள், நான்கே மாதத்தில் பழைய கதை. அடுத்த வருஷம் குழந்தைக்கு யோசிக்கிறோம், அதனால் மாத்திரை என்றாலே பயம். "லேசரில் மருந்தே கிடையாது" என்று மாலில் இருக்கும் ஒரு கிளினிக்கில் சொன்னார்கள், முன்பணம் கட்டிவிட்டேன். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக வேண்டுதல். அதற்குள் முகம் சரியாகுமா? மாமியார் இதெல்லாம் உடம்புச் சூடு, மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றினால் போதும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
— சே.ர., சாட்ஸ்வொர்த்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

மூன்று பேரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் மூன்று பேருக்கும் நடந்தது ஒன்றுதானா என்பதுதான் கேள்வி. ஒருவர் வந்து "மாத்திரை சாப்பிட்டேன், சரியாகிவிட்டது" என்றால், என்ன மாத்திரை, எந்த நோய்க்கு என்று கேட்காமல் நாமும் வாங்கி விழுங்குவோமா? லேசர் விஷயத்தில் மட்டும் அப்படி விழுங்கிவிடுகிறோம்.

நான் டாக்டர் இல்லை. டர்பனில் மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்றே காலத்தைக் கழித்தவள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

பரு எப்படி வருகிறது? எண்ணெய்ச் சுரப்பி அளவுக்கு மேல் சுரக்கிறது. துளையின் வாய் செத்த தோலால் அடைபடுகிறது. உள்ளே வழக்கமாக இருக்கும் கிருமி பெருகுகிறது. பிறகு வீக்கம், வலி. லேசர் என்று சொல்லப்படும் ஒவ்வொரு கருவியும் இதில் ஏதோ ஒன்றைத்தான் தொடும். மஞ்சள் ஒளி லேசர் ஒன்று இருக்கிறது, அதன் ஒளியின் அலைநீளம் 595 நானோமீட்டர். அது ரத்தக் குழாயைக் குறிவைத்துச் சிவப்பைக் குறைக்கும். முகத்தில் கரிக்குழம்பு பூசி 1,064 நானோமீட்டர் ஒளியால் அதை வெடிக்க வைப்பது கார்பன் லேசர். மேல்தோல் சுத்தமாகி அன்றைக்கே முகம் மினுமினுக்கும், அதனால் கல்யாண சீசனில் அதற்குக் கிராக்கி அதிகம். நீல விளக்கும், ஐபிஎல் என்ற பல அலைநீளம் கலந்த பளிச் ஒளியும் லேசரே கிடையாது, ஆனால் விளம்பரத்தில் எல்லாவற்றையும் அந்த ஒரே பெயரில் சேர்த்துவிடுவார்கள். கார்பன் டை ஆக்சைடு லேசர் தழும்புப் பள்ளத்துக்கு, புதுப் பருவுக்கு அல்ல. எண்ணெய்ச் சுரப்பியையே குறிவைத்துச் சூடாக்கும் 1,726 நானோமீட்டர் கருவிகளும் இப்போது உண்டு. அமெரிக்காவின் மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2022இல் இவற்றுக்கு அனுமதி கொடுத்தது. சுமார் ஒரு மாத இடைவெளியில் மூன்று அல்லது நான்கு முறை செய்வார்கள். பலன் தெரிய அதற்கு மேலும் மாதங்கள் ஆகும்.

ஆக, நாத்தனாரிடம் முதலில் கேட்க வேண்டியது: என்ன கருவி, அப்போது கூடவே என்ன க்ரீம் போட்டீர்கள், என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள்? பல கிளினிக்குகளில் லேசரோடு க்ரீமும் ஆன்டிபயாடிக்கும் சேர்த்தே எழுதிக் கொடுப்பார்கள். ஆறு மாதம் கழித்து நம் நினைவில் லேசர்தான் நிற்கும். இரவில் தடவிய ட்யூபை யார் நினைவு வைத்திருப்பார்? இன்னொன்று, முகம் படுமோசமாக இருக்கும்போதுதான் யாரும் காசு கொடுத்து கிளினிக் ஏறுவார்கள். பரு தானாகவே ஏறி இறங்கும் சமாச்சாரம். உச்சத்தில் போய்ச் செய்துகொண்டால், எதுவும் செய்யாமலே அடுத்த மாதம் கொஞ்சம் அடங்கும். அந்தப் பெயரையும் லேசர் தட்டிக்கொண்டு போய்விடும்.

சித்தி மகள் கதைக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. சுரப்பியைத் தூண்டுவது உள்ளே இருக்கும் ஹார்மோன் என்றால், மேலே ஒளி அடித்து நிறுத்திவிட்டால் அது திரும்பத்தான் செய்யும். கருவி கெட்டது என்று அர்த்தமில்லை.

உடன் வேலை செய்யும் பெண்ணுக்கு நடந்ததைத்தான் நீங்கள் அதிகம் யோசிக்க வேண்டும். நம் தோல் மாநிறம் அல்லது கறுப்பு. அதில் மெலனின் என்ற நிறமி அதிகம். ஒளி உள்ளே போகும் வழியில் மெலனினே அதை உறிஞ்சிச் சூடாகிவிடும். சூடு பட்ட இடம் கறுக்கும். ஐபிஎல் போலக் குறைந்த அலைநீளம் கலந்த ஒளியில் இந்த ஆபத்து கூடுதல். சக்தியைக் கூட்டி வைத்தால் இன்னும் கூடுதல். வெள்ளைத் தோலுக்கு வைத்த அளவை அப்படியே நமக்கு வைத்தால் கன்னம் கறுப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பெரும்பாலும் அந்தக் கறுப்பு மாதக்கணக்கில் மெல்ல மங்கும், ஆனால் அந்த மாதங்களில் கண்ணாடி முன்னால் நிற்பது அவர்தானே.

சரி, ஆராய்ச்சி என்ன சொல்கிறது? 2016இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் குழு, பருவுக்கான ஒளி சிகிச்சைகளைப் பற்றி 71 ஆய்வுகளை, மொத்தம் 4,211 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. உறுதியாகச் சொல்லும் அளவுக்குத் தரமான சான்று குறைவு என்பதே அவர்கள் முடிவு. அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமியின் 2024 வழிகாட்டியும் லேசரைப் பரிந்துரைக்கவோ வேண்டாம் என்று சொல்லவோ போதிய ஆதாரம் இல்லை என்று விட்டுவிட்டது. அதே வழிகாட்டி கண்ணை மூடிக்கொண்டு "சரி" என்று சொல்வது பென்சாயில் பெராக்சைடு, அடாபலின் மாதிரி பழைய, விலை குறைந்த ட்யூப்களைத்தான். லேசர் வேலையே செய்யாது என்று நான் சொல்லவில்லை. முதலில் போய் நிற்க வேண்டிய வாசல் அது இல்லை என்கிறேன்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். தாடை ஓரம், உள்ளே கல் போல வலி, தள்ளிப் போகும் மாதவிலக்கு. இந்த மூன்றையும் ஒரே கடிதத்தில் எழுதிவிட்டு, கேள்வியை லேசரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். முகவாயில் முடி தடித்து வருகிறதா, எடை ஏறியிருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. பிசிஓஎஸ் எனும் சினைப்பை ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். ஒழுங்கில்லாத மாதவிலக்கு, ஆண் ஹார்மோன் அதிகமாக இருப்பதற்கான அடையாளம், ஸ்கேனில் சினைப்பையின் தோற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால், வேறு காரணம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பிசிஓஎஸ் என்பார்கள். அதனால் தைராய்டு, ப்ரோலாக்டின், சர்க்கரையும் பார்க்கச் சொல்லுங்கள். குடும்ப டாக்டரே இதை ஆரம்பித்து வைக்கலாம். அடுத்த வருஷம் குழந்தைக்கு யோசிக்கிறீர்கள் அல்லவா? முகத்துக்காக இல்லாவிட்டாலும் அதற்காகவாவது இந்தப் பரிசோதனையை இந்த மாதமே செய்துகொள்ளுங்கள். கரு முட்டை ஒழுங்காக வெளியேறவில்லை என்றால் அதற்கு வைத்தியம் இருக்கிறது, முன்கூட்டியே தெரிவது நல்லது.

மாத்திரை பயம் நியாயமான பயம். ரோஅக்குடேன் என்று கடையில் கேட்கும் ஐசோட்ரெட்டினோயின் கருவில் இருக்கும் குழந்தைக்குக் கடுமையான ஊனம் உண்டாக்கும். தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து நிறுத்திய பின் ஒரு மாதம் வரை கர்ப்பம் கூடவே கூடாது. பருவுக்குக் கொடுக்கும் ஸ்பைரனோலாக்டோன், டாக்சிசைக்ளின் மாத்திரைகள் இரண்டும் கர்ப்ப காலத்துக்கு ஆகாது. அடாபலின் க்ரீமையும் குழந்தைக்கு முயலும்போது நிறுத்திவிடச் சொல்வார்கள். ஆனால் "லேசரில் மருந்தே கிடையாது" என்று கிளினிக் சொன்னதை வைத்து, மாத்திரை வேண்டாம் என்றால் லேசர்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நடுவில் இன்னொரு வழி இருக்கிறது.

அசலிக் அமிலம், 20 சதவீத க்ரீம். பருவையும் குறைக்கும், கறுப்புத் தடத்தையும் மங்க வைக்கும். கர்ப்ப காலத்திலும் பொதுவாகப் பயன்படுத்தலாம் என்று டாக்டர்கள் அனுமதிப்பது. பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதத்தில் ஆரம்பியுங்கள். பருவின் தலையில் மட்டும் பொட்டு வைக்காமல் தாடை முழுக்க மெல்லிய படலமாக, முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் தடவுங்கள். வெள்ளைத் தலையணை உறை போட்டுக்கொள்ளுங்கள், கலர் துணியில் பட்டால் வெளுத்துத் திட்டுத் திட்டாகிவிடும். அம்மா சீதனமாகக் கொடுத்த சிவப்புப் பூத்துண்டைக் கெடுத்துக்கொண்டு என் கவுண்டருக்குச் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. இரண்டு க்ரீமையும் எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் விடாமல் போட்ட பிறகே பலன் உண்டா இல்லையா என்று சொல்ல முடியும். பத்து நாளில் "ஒன்றும் ஆகவில்லை" என்று ட்யூபை மூலையில் போடுபவர்கள்தான் அதிகம்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். முகம் வெளுக்க என்று யாராவது கொடுத்த க்ரீம் ஏதாவது போடுகிறீர்களா? கைப்பையைத் திறந்து, வாலிலிருந்து சுருட்டிச் சுருட்டி அமுக்கிய ஒரு ட்யூபைக் கவுண்டரில் வைப்பார்கள். "இது தீர்ந்துபோச்சு, இன்னொன்று வேண்டும்." புரியாத பாஷையில் பெட்டி. சின்ன எழுத்தில் பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டின் பெயர் இருக்கும், சிலதில் அதுகூட இருக்காது. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தால் தோல் மெலிந்து, சிவந்து, கன்னத்தில் பூனைமுடி. ஸ்டீராய்டு போட்டால் முதல் சில நாள் முகம் அழகாக இருக்கும். பிறகு அதுவே பருவைக் கிளப்பும், நிறுத்தினால் கொப்புளித்துக்கொண்டு வரும். தோலை வெளுக்க வைக்கும் ஹைட்ரோகுவினோன் கலந்த அழகு க்ரீம்களை இந்த நாடு 1990லேயே தடை செய்துவிட்டது, ஆனாலும் கள்ளத்தனமாக வந்துகொண்டுதான் இருக்கிறது. அப்படிப் பழகிய தோலில் லேசர் அடிப்பது வினையை விலைக்கு வாங்குவது. இருந்தால் தோல் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அவர் படிப்படியாக நிறுத்தச் சொல்வார்.

காவடிக்கு வருகிறேன். தைப்பூசம் நமக்கு ஜனவரி, பிப்ரவரி. டர்பனில் வெயில் மண்டையைப் பிளக்கும் நேரம். வெறுங்காலோடு, வேர்த்து ஊற்றும் முகத்தோடு மணிக்கணக்கில் நடப்பீர்கள். அதற்கு முந்தைய நான்கு வாரமும், பிறகு வெயிலில் பட்ட முகம் ஆறும் வரையிலும் எந்த லேசரும் வேண்டாம். லேசர் பட்ட தோலில் அந்த வெயில் விழுந்தால் உங்கள் அலுவலகப் பெண்ணின் கன்னம்தான் உங்களுக்கும். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து முகத்தில் அப்பிக்கொள்வதையும் இந்த வருஷம் தவிருங்கள், பழுத்த பருவில் எரிச்சல் கிளப்பும். விபூதி, சந்தனம் நெற்றியோடு இருக்கட்டும். சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் 30க்கு மேல், லேசாகத் தோல் நிறம் கலந்தது வாங்குங்கள். அந்த நிறத்தில் இருக்கும் இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கும், நம் தோல் கறுப்பதில் அந்த ஒளிக்கும் பங்கு உண்டு. வேர்வையைத் துடைத்தால் மறுபடி தடவ வேண்டும், காவடி தூக்காத கை ஒன்று கூடவே வரட்டும். வேண்டுதலை முகத்துக்காகத் தள்ளிப் போட வேண்டாம், முருகன் பரு இல்லாத முகம்தான் வேண்டும் என்று கேட்கவில்லை.

மாமியார் கஞ்சி ஊற்றட்டும், நீங்களும் போய் நின்று வாங்கிக் குடியுங்கள். அதில் யாருக்கு என்ன நஷ்டம்? ரத்தப் பரிசோதனையை மட்டும் அதற்காக நிறுத்தாதீர்கள்.

பரு அடங்கிப் பள்ளமாகத் தழும்பு நின்றால், அப்போது லேசரைப் பற்றிப் பேசலாம். தழும்பு விஷயத்தில் அதற்குச் சொல்லிக்கொள்ளும்படி இடம் உண்டு. ஆனால் உங்கள் கடிதத்தில் இருப்பது பள்ளம் இல்லை, கறுப்புத் தடம். விரலால் தடவினால் சமமாக இருக்கும். அது வெயிலை மறைத்து, அசலிக் அமிலம் தடவி, காத்திருந்தாலே பெரும்பாலும் மங்கும். பணம் கட்டி அழிக்க வேண்டியதில்லை. என்றைக்காவது லேசருக்குப் போனால், செய்பவர் எச்பிசிஎஸ்ஏ என்ற மருத்துவர் பதிவுக் கவுன்சிலில் பதிவு செய்த டாக்டரா என்று அவர்களுடைய ஐரெஜிஸ்டர் என்ற பதிவேட்டில் பெயரைத் தட்டிப் பாருங்கள், இணையத்தில் யாரும் பார்க்கலாம். கருவியின் பெயரையும் அலைநீளத்தையும் எழுதி வாங்குங்கள். நம் நிறத்தில் இருப்பவருக்குச் செய்த படங்களைக் கேளுங்கள். முன், பின் இரண்டும் ஒரே வெளிச்சத்தில் எடுத்ததா என்று பாருங்கள். காதுக்குப் பின்னால் ஒரு சின்ன இடத்தில் முதலில் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்பீடு பணம் தரும் என்று கணக்குப் போடாதீர்கள், பெரும்பாலும் காஸ்மெட்டிக் என்று தள்ளிவிடுவார்கள்.

கட்டிய முன்பணம்? போனால் போகிறது என்று விட வேண்டாம். இந்த நாட்டின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, முன்பதிவை ரத்து செய்யும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. கிளினிக் நியாயமான ரத்துக் கட்டணம் பிடித்துக்கொள்ளலாம், முழுவதையும் சுருட்டிக்கொள்ள முடியாது. போனில் பேசாமல் இமெயிலில் எழுதுங்கள். முதல் சிட்டிங் தேதிக்கு எவ்வளவு நாள் முன்னால் சொல்கிறீர்களோ அவ்வளவு குறைவாகத்தான் பிடிக்க முடியும், அதனால் இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.