புது இடத்துக்கு வந்த மாடு பாலை எக்குகிறது, ஊசி போடலாமா?

கேள்வி: சந்தையில் இரண்டாம் ஈற்று ஜெர்சி கலப்பு மாடு ஒன்றைக் கன்றோடு வாங்கி வந்தேன். வேளைக்கு ஐந்து லிட்டர் என்று சொல்லி, விற்றவர் தன் தொழுவத்தில் கறந்தும் காட்டினார். இங்கே வந்து ஒரு வாரம் ஆகிறது. ஒன்று, ஒன்றரை லிட்டருக்கு மேல் இறங்கவில்லை. மடி நிறைந்துதான் இருக்கிறது. காம்பைத் தொட்டதும் உடம்பை இறுக்கிப் பாலை எக்கிக்கொள்கிறது, உதைக்கிறது. காலைக் கட்டித்தான் கறக்கிறோம். தினமும் ஊசி போட்டுக் கறக்கச் சொல்கிறார்கள். போடலாமா?
(ஒரு விவசாயி, கோபிசெட்டிபாளையம் வட்டம்)

பதில்: வணக்கம் ஐயா. தினமும் ஊசி வேண்டவே வேண்டாம். முதலில் மடிநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நான்கு காம்பிலும் முதல் பீச்சைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். திரி திரியாகவோ, தண்ணீராகவோ வந்தாலும், ஒரு பக்க மடி மட்டும் சூடாக, கெட்டியாக இருந்தாலும் அது வேறு விஷயம். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. மாடு பயந்திருக்கிறது.

"எக்கிக்கொள்கிறது" என்று நாம் சொன்னாலும், மாடு வேண்டுமென்று பாலை நிறுத்தி வைப்பதில்லை. அது அதன் இஷ்டத்தில் இல்லை. இதயம், இரைப்பை, ரத்தக் குழாய் இவற்றையெல்லாம் தானாக நடத்தும் தானியங்கி நரம்பு மண்டலத்தின் வேலை இது. அதில் இரண்டு பிரிவு. பரிவு நரம்புகள் நெஞ்சு, இடுப்புப் பகுதித் தண்டுவடத்திலிருந்து கிளம்பி, முதுகெலும்பின் இரு பக்கமும் மணி கோத்ததுபோல் இருக்கும் நரம்பு முடிச்சுகள் வழியாக உறுப்புகளுக்குப் போகின்றன. பயம் வந்தால் வேலை செய்வது இவைதான். எதிர்ப்பரிவு நரம்புகள் மூளையின் அடிப்பகுதியிலிருந்தும், தண்டுவடத்தின் வால் பக்கக் கோடியிலிருந்தும் வருகின்றன. அவற்றில் பெரியது வேகஸ். கழுத்து வழியாக இறங்கி இதயத்தின் வேகத்தைத் தணிப்பதும், நான்கு இரைப்பைகளையும் அசைய வைப்பதும் அதுதான்.

இதயத்துக்கும் இரைப்பைக்கும் இரண்டு பிரிவும் போகின்றன. மடிக்கு அப்படி இல்லை. அங்கே வரும் தானியங்கி நரம்பு பரிவு நரம்பு ஒன்றே. இடுப்புப் பகுதி முடிச்சுகளிலிருந்து வந்து ரத்தக் குழாய்களிலும் காம்புத் தசையிலும் முடிகிறது. "பாலை விடு" என்று சொல்லும் நரம்பு மடியில் கிடையாது. அந்தச் சேதி ரத்தத்தில்தான் வர வேண்டும்.

அது வரும் வழி இது. கன்றின் வாயோ நம் கையோ காம்பில் பட்டதும், அந்த உணர்வு தொடை இடுக்கு வழியாக ஏறும் நரம்பில் போய் இடுப்புத் தண்டுவடத்தைத் தொட்டு, அங்கிருந்து மூளையின் ஹைபோதலாமஸுக்குச் சேர்கிறது. உடனே மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதி ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. அது மடிக்கு வந்து, பால் சுரக்கும் சிறு பைகளைச் சுற்றியுள்ள தசைச் செல்களைச் சுருக்கிப் பாலைக் கீழே தள்ளுகிறது. தொட்டதிலிருந்து ஒன்று, ஒன்றரை நிமிடத்தில் இது நடந்துவிடும். மடியில் உள்ள பாலில் சுமார் 20 சதவீதம்தான் கீழ் அறையில் தயாராக நிற்கும். மீதி 80 சதவீதம் ஆக்ஸிடோசின் வந்தால்தான் இறங்கும். ஐந்து லிட்டர் மாட்டில் உங்களுக்கு ஒரு லிட்டர் சொச்சம் கிடைக்கிறதல்லவா? கணக்கு சரியாக வருகிறது பாருங்கள். கீழ் அறைப் பாலை மட்டும்தான் நீங்கள் கறக்கிறீர்கள்.

1941-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஈலி, பீட்டர்சன் என்ற இருவர் இதைச் சோதித்தார்கள். பாதி மடிக்குப் போகும் நரம்பை அறுத்துவிட்டுக் கறந்தபோது, அந்தப் பக்கமும் பால் இறங்கியது. சேதி ரத்தத்தில்தான் வருகிறது என்று அதில் தெரிந்தது. பிறகு மாட்டின் முதுகில் பூனையை விட்டு, காகிதப் பைகளைப் படார் படாரென்று உடைத்தார்கள். பால் நின்றுபோனது. பயத்தில் உடம்பில் சுரக்கும் அட்ரீனலின் என்ற ஹார்மோனை ஊசியாகப் போட்டபோதும் அப்படியே நின்றது. பரிவு நரம்பில் ஒரு கிளை முடிச்சில் நிற்காமல் நேரே அட்ரீனல் சுரப்பிக்குப் போய் அட்ரீனலினைக் கொட்ட வைக்கிறது. அது மடியின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். புது இடத்தில் இதைவிடப் பெரிய தடை மூளையிலேயே விழுகிறது. ஆக்ஸிடோசின் வெளியே வருவதே இல்லை. காலைக் கட்டிக் கறந்தால் அந்தப் பயம் இன்னும் ஏறும்.

நீங்கள் சொல்லும் ஊசியும் ஆக்ஸிடோசின்தான். போட்டால் பால் இறங்கும், மறுக்கவில்லை. ஆனால் தினமும் போட்டுப் பழக்கினால், பிறகு ஊசி இல்லாமல் பால் சரியாக இறங்காது. 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 12-ஆவது பிரிவும், பாலைக் கூட்ட மாட்டின் நலத்தைக் கெடுக்கும் ஊசி போடுவதைக் குற்றம் என்கிறது. பால் தேங்கி மடி கல்லாகிவிட்டால் கால்நடை மருத்துவர் ஓரிரு வேளை போட்டு இறக்கிவிடுவார். அதை அவர் முடிவுக்கு விட்டுவிடுங்கள்.

கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். கறப்பதற்கு முன் மாட்டின் இடது பள்ளையில் முஷ்டியை அழுத்தி வைத்துப் பாருங்கள். நிமிடத்துக்கு ஒன்று, இரண்டு முறை இரைப்பை உருண்டு கையைத் தள்ளும். மாடு அசைபோடுகிறது, இரைப்பை உருள்கிறது என்றால் வேகஸ் கை ஓங்கியிருக்கிறது. அதுதான் கறக்கப் போகும் நேரம். வாலின் அடியில் விரல் வைத்து நாடியும் பார்க்கலாம். நிமிடத்துக்கு 60 முதல் 80 வரை இருந்தால் நிம்மதியாக இருக்கிறது. கண் விரிந்து, கழிந்துகொண்டு, நாடி அதற்கு மேல் ஓடினால் கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள்.

கன்றை முதலில் ஊட்ட விடுங்கள். அப்புறம் தாயின் முகத்துக்கு எட்டுகிற மாதிரி முன்னால் கட்டுங்கள், நக்கிக்கொண்டு நிற்கட்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் மடியைக் கழுவி ஒரு நிமிடம் நீவிக் கொடுத்து, உடனே கறக்கத் தொடங்குங்கள். ஆக்ஸிடோசின் ரத்தத்தில் சில நிமிடமே நிற்கும் என்பதால் ஆறேழு நிமிடத்துக்குள் முடித்துவிட வேண்டும். கறக்கும்போது புண்ணாக்கு, தவிடு வையுங்கள். தின்பதும் பால் இறங்க உதவும். தினமும் அதே ஆள், அதே நேரம். நாய், சத்தம், வேடிக்கை பார்க்கும் கூட்டம் எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

பெரும்பாலான மாடுகள் சில நாளில் பழகிவிடும். இப்படிச் செய்தும் இன்னொரு வாரத்தில் பால் ஏறவில்லை என்றாலோ, நடுவில் மடி கல்லானாலோ, காய்ச்சல் கண்டாலோ 1962-க்குப் போன் செய்து மருத்துவரை வரவழையுங்கள்.