அரசியலமைப்பு வழக்கறிஞரான நீலன் திருச்செல்வம் ஏன் அரசியலுக்கு வந்தார்?

அரசியலமைப்பு வழக்கறிஞர் என்பவர் அரசின் அதிகாரம் எதுவரை செல்லலாம், அதை யார் யார் பகிர வேண்டும் என்ற கேள்விகளில் தேர்ந்தவர். இலங்கையில் நீலன் திருச்செல்வம் (1944-1999) அப்படிப்பட்டவர். தமிழர் விடுதலைக் கூட்டணி சார்பில் 1983இலும், பிறகு 1994 முதலும் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார்.

சரி, சட்டம் தெரிந்தவருக்கு அரசியல் எதற்கு? நீதிமன்றம், ஏற்கெனவே உள்ள அரசியலமைப்புக்குத்தான் பொருள் சொல்லும். அதையே மாற்ற நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். அதைத் திரட்டுவது அரசியல் வேலை.

1987இன் 13ஆவது திருத்தம் மாகாண சபைகளைத் தந்தது. ஆனால் பல துறைகளை மத்திக்கும் மாகாணத்துக்கும் பொதுவான 'ஒருங்கிய நிரலில்' வைத்தது. காணியைப் பங்கு பிரித்துவிட்டுக் கிணற்றை மட்டும் பொதுவில் விட்டால், கடைசியில் வலுத்தவன் கையில்தானே துலா இருக்கும்? மாகாண சபைகளுக்கும் அதுதான் நடந்தது. நீலன், அப்போதைய அமைச்சர் ஜி. எல். பீரிஸோடு சேர்ந்து உருவாக்கிய 1995ஆம் ஆண்டுத் தீர்வுப் பொதி, அதாவது அதிகாரப் பகிர்வு யோசனைகளின் தொகுப்பு, அந்தப் பொது நிரலையே நீக்கியது. இலங்கையைப் 'பிராந்தியங்களின் ஒன்றியம்' என்றும் வரையறுத்தது. என் பார்வையில் அவருடைய ஆகப் பெரிய பங்களிப்பு இதுதான்.

1999 ஜூலை 29 அன்று கொழும்பில் தற்கொலைக் குண்டுத் தாக்குதலில் அவர் கொல்லப்பட்டார். புலிகளே செய்ததாகப் பரவலாகக் கருதப்படுகிறது.

அப்புறம், இன்றைய மாகாண சபைகள் நீலனின் பொதியால் வந்தவை என்று நினைத்துவிட வேண்டாம். அவை 13ஆவது திருத்தத்தால் வந்தவை, அந்தப் பொதி சட்டமாகவே இல்லை.