கீமோ நடக்கும்போது ஒரு கால் மட்டும் வீங்கினால் டாப்ளர் ஸ்கேன் அவசியமா?

கேள்வி: அப்பாவுக்குப் புற்றுநோய். கீமோ போய்க்கொண்டிருக்கிறது. ஒரு கால் வீங்கியிருப்பதால் டாப்ளர் எடுக்கச் சொல்கிறார்கள். டி-டைமர் ரத்தப் பரிசோதனை மட்டும் போதாதா?

போதாது. காலில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்க்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான் டாப்ளர். அதை எடுத்துவிடுங்கள், முடிந்தால் இன்றைக்கே. நான் மருத்துவர் இல்லை. அம்மாவுக்கு இதே கதை நடந்ததால் எழுதுகிறேன்.

சினைப்பைப் புற்றுநோய்க்கு மூன்றாவது கீமோ முடிந்த வாரம், இடது கெண்டைக்கால் வலிக்கிறது என்றார். பஸ்ஸில் காலைத் தொங்கப்போட்டு வந்ததால் இருக்கும் என்று நாங்களே முடிவு செய்து, இரண்டு நாள் தைலம் தேய்த்துப் பிடித்துவிட்டோம். ரத்தம் உறைந்திருக்கும் காலை அப்படிப் பிடித்துவிடவே கூடாதாம். அந்த இரண்டு நாளை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. செருப்பு வார் அந்த ஒரு காலில் மட்டும் பதிந்திருந்ததை அண்ணிதான் கவனித்தார்.

ஸ்கேன் அறையில் நானும் நின்றேன். முதலில் நல்ல கால். ஜெல் தடவிக் கருவியை வைத்ததும் திரையில் கறுப்பாக இரண்டு வட்டம். ஒன்று தமனி, பக்கத்தில் சிரை. டாக்டர் கருவியை ஓர் அழுத்து அழுத்தினார். சிரை சப்பையாகிக் காணாமல் போனது, தமனி மட்டும் துடித்துக்கொண்டு நின்றது. அப்புறம் இடது கால், முழங்காலுக்குப் பின்புறம். அழுத்தினார். வட்டம் வட்டமாகவே இருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். அப்போதும் அப்படியே. அவர் வாயைத் திறக்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. சூட்சுமமே இதுதான்: நல்ல சிரை அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும், உள்ளே உறைந்திருந்தால் ஒட்டாது. கதிர்வீச்சு கிடையாது, ஊசியும் கிடையாது.

வெளியே வந்து "ரத்தக்கட்டி" என்று சொன்னதும் "இன்னொரு கட்டியா?" என்று அம்மா அழுதுவிட்டார். வீட்டில் "ரத்தம் உறைந்திருக்கிறது" என்றே சொல்லுங்கள்.

சரி, டி-டைமர். உறைந்த ரத்தம் கரையும்போது மிஞ்சும் துணுக்குதான் அது. மற்றவர்களுக்கு, சந்தேகமும் குறைவாக இருந்து, அளவும் இயல்பாக இருந்தால், ஸ்கேன் இல்லாமலே விட்டுவிடலாம். புற்றுநோயாளிகளுக்கு உறைவே இல்லாவிட்டாலும் அது பெரும்பாலும் ஏறித்தான் நிற்கும். கடைசியில் ஸ்கேனுக்குத்தான் அனுப்புவார்கள். புற்றுநோய்க்கும் ரத்தம் உறைவதற்கும் உள்ள உறவை 1865லேயே பிரெஞ்சு மருத்துவர் த்ரூசோ எடுத்துச் சொன்னார். பிறகு தமக்கே சிரையில் உறைவு வந்ததைப் பார்த்துத் தம் நோயைத் தாமே கணித்தார்; 1867ல் இரைப்பைப் புற்றுநோயில் இறந்தார்.

டாப்ளரில் இடுப்புக்குள் இருக்கும் சிரைகள் சரியாகத் தெரியாது. அதனால் "ஒன்றுமில்லை" என்று வந்தும் வீக்கம் ஏறினால், ஒரு வாரத்துக்குள் மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சிலருக்கு சி.டி. தேவைப்படும். கீமோவுக்காகக் கையில் பிக் லைன் (சிரைக்குள் விட்டு வைக்கும் மெல்லிய நீளக் குழாய்) போட்டிருந்தால் அந்தக் கை வீங்குகிறதா என்றும் பாருங்கள்.

திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ டாப்ளர் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். உறைவு நுரையீரலுக்குப் போயிருக்கலாம். அதைப் பார்க்க, ரத்தக்குழாய்கள் படத்தில் தெளிவாகத் தெரிவதற்கான மருந்தை ஏற்றி சி.டி. ஆஞ்சியோ எடுப்பார்கள். மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவி, சிறுநீர் போய்விட்டது போலக்கூட இருக்கும். பயப்பட வேண்டாம் என்று அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட்டையும் கையில் வைத்திருங்கள், சிறுநீரகம் சரியில்லை என்றால் வேறு ஸ்கேன் யோசிப்பார்கள்.

டாப்ளருக்குப் போகும்போது பேன்ட் வேண்டாம், வேட்டியோ லுங்கியோ கட்டிவிடுங்கள். தொடையிடுக்கிலிருந்து கீழே வரை பார்ப்பார்கள்.