ராக் பாடகர் நீல் யங்கோட 'டிரான்ஸ்' ஆல்பத்த பத்தி ரசிகர்கள் ஏன் ரெண்டு கட்சியா பிரிஞ்சு நிக்கறாங்க?

ரசிகர்களுக்கு அப்ப இருந்த கோவம் நியாயமானதுதாங்க, கிட்டாரும் ஹார்மோனிகாவுமா 'ஹார்வெஸ்ட்' ஆல்பம் குடுத்த மனுஷன் 1982 கடைசில வோகோடர்ல (குரல மெஷின் சத்தமா மாத்தற கருவி) குரல நுழைச்சு ரோபோ மாதிரி பாடுனா யாருக்குத்தான் கடுப்பாகாது, அதுலயும் தன்னோட 1967 காலத்து 'மிஸ்டர் சோல்' பாட்டையே மெஷின் குரல்ல திரும்ப பாடி வெச்சிருந்தாரு. அடுத்த வருஷமே பழைய ராக் அண்ட் ரோல் பாணில இன்னொரு ஆல்பம். அவர் ஆல்பங்கள வெளியிட்ட கெஃபன் கம்பெனி பொறுக்க முடியாம, நீ உன்ன மாதிரியே பாடலன்னு அவர் மேலயே கேஸ் போட்டுச்சு (இந்த கூத்த வேற எங்க பாக்கறது!).

பின்னாடி ரசிகர்கள் சிலருக்கு மனசு மாறினதுக்கு முக்கிய காரணம், அவரே பின்னாடி சொன்ன விஷயம். அவர் பையனுக்கு செரிப்ரல் பால்சி (மூளை முடக்குவாதம்), பேச வராது, அந்த பையன்கூட பேச முயற்சி பண்றதுதான் அந்த புரியாத குரல்னு விளக்குனாரு. அது தெரிஞ்சப்புறம் இந்த ஆல்பத்துல வர்ற 'டிரான்ஸ்ஃபார்மர் மேன்' கேட்டா வேற பாட்டா இருக்கும். நம்பலன்னா 1993 எம்டிவி அன்பிளக்டுல (மின் கருவி அதிகம் இல்லாம பாடற டிவி நிகழ்ச்சி) அதயே வோகோடர் இல்லாம பாடினத கேளுங்க, அருமையான மெலடி. 1989லயே சோனிக் யூத்ங்கற ராக் குழு இதே ஆல்பத்தோட 'கம்ப்யூட்டர் ஏஜ்' பாட்ட கவர் பண்ணிட்டாங்க, அதாவது தங்க பாணில பாடிட்டாங்க.

ஆனா இத மாஸ்டர்பீஸ்ங்கறது கொஞ்சம் ஓவர். வோகோடர் இல்லாத மூணு பாட்டும் அதுல ஒட்டவே இல்ல.