கடுகு சைஸ்ல ஒரு பூமி: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல "வீட்டு வாண்டுங்க கேட்டு நீங்க முழிச்ச கேள்விய அனுப்புங்க"ன்னு சொல்லியிருந்தேன்ல, வந்ததுல பாதி கிரகம் பத்திதான். அதனால இந்த வாட்டி முழுக்க அதையே எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: என் பொண்ணு யூகேஜி. மெர்குரி, வீனஸ்னு வரிசையா ஒப்பிக்க சொல்றாங்க, பாதியில மாட்டிக்கிறா. தமிழ்லயும் சொல்லிக்குடுத்தா குழம்பிடுவாளா?
(ஒரு அம்மா, தஞ்சாவூர்)

பதில்: குழம்பவே மாட்டா. சொல்லப்போனா அஞ்சு கிரகத்தோட பேரு அவளுக்கு ஏற்கனவே தெரியும், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி, எல்லாம் காலண்டர்ல தொங்குதே. இப்ப ஒரு வேடிக்கை பாருங்க. புதன்ல ஆரம்பிச்சு ஒரு நாள் தாண்டினா வெள்ளி, சூரியன்கிட்ட இருந்து முதல் ரெண்டு கிரகமும் அதே வரிசைதான். அடுத்தது நம்ம பூமி. அப்புறம் செவ்வாய்ல ஆரம்பிச்சு அதே மாதிரி ஒரு நாள் விட்டு ஒரு நாள் போங்க, வியாழன், சனி, அதுவும் கரெக்ட் வரிசை! எனக்கே இது ரொம்ப லேட்டா தான் உறைச்சுது. கடைசில யுரேனஸ், நெப்டியூன். இது ரெண்டும் டெலஸ்கோப் வந்த பிறகு 1781லயும் 1846லயும் கண்டுபிடிச்சது, லேட்டா வந்ததால கிழமை எல்லாம் காலியாயிடுச்சுன்னு சொல்லுங்க, சிரிச்சுக்கிட்டே மனசுல வச்சுக்குவா. தமிழ் பேரு ஒட்டினதுக்கப்புறம் மெர்குரின்னா புதன், வீனஸ்னா வெள்ளின்னு ஜோடி சேர்த்தா போதும்.

கேள்வி: கோயில்ல நவக்கிரகம் சுத்தும்போது பையன் "ஒம்போதா எட்டாப்பா?"ன்னு கேட்டான். நான் படிக்கும்போது ஒம்போதுதான், அதைத்தான் சொன்னேன். தப்பா?
(ஒரு அப்பா, கும்பகோணம்)

பதில்: உங்க ஒம்போது வேற, கோயில் ஒம்போது வேற சார். நீங்க படிச்சது புளூட்டோவையும் சேர்த்து, அதை 2006ல குறுங்கோள்னு தனியா பிரிச்சுட்டாங்க, அதனால இப்ப எட்டு. கோயில்ல இருக்கறது சூரியன், சந்திரன், அஞ்சு கிரகம், ராகு, கேது. அந்த காலத்துல நட்சத்திரங்களுக்கு நடுவுல இடம் மாறிக்கிட்டே இருக்கற எல்லாத்தையும் கிரகம்னு சொன்னாங்க, சூரியனும் நிலாவும் அப்படித்தானே நகருது, அதான் லிஸ்ட்ல இருக்கு. ராகு கேதுங்கறது பொருளே இல்ல, வானத்துல சூரியன் போற பாதையும் நிலா போற பாதையும் வெட்டிக்கிற ரெண்டு புள்ளி, கிரகணம் அந்த புள்ளிகிட்ட தான் நடக்கும். பூமி மேல நாம நின்னுக்கிட்டிருக்கோம், அதனால அது கணக்குல வரல. பையன்கிட்ட விரல் விட்டு காட்டுங்க, ஒம்போதுல சூரியன், சந்திரன், ராகு, கேதுன்னு நாலை கழிச்சா அஞ்சு, அதோட பூமி, யுரேனஸ், நெப்டியூன் மூணை கூட்டினா எட்டு. கணக்கு பாடமும் ஆச்சு. ஆனா ஒண்ணு, நவக்கிரக சன்னதியில சூரியன் நடுவுல நிக்கிறாரு, கிரகமெல்லாம் சூரியனைத்தான் சுத்துதுன்னு அப்பவே கண்டுபிடிச்சுட்டாங்கன்னு வாட்ஸ்அப்ல சுத்துதே, அதை பிள்ளைக்கு சொல்லாதீங்க. பூமியே இல்லாத வரிசையில எது எதை சுத்துதுன்னு சொல்ல முடியாதுங்க.

கேள்வி: என் பேத்தி சனி கிரகம் படத்தை பார்த்தாலே பயப்படுறா. நான் தான் கோவத்துல சனியனேன்னு திட்டிட்டேன், அதுல வந்த வினை.
(ஒரு பாட்டி, மதுரை)

பதில்: பாட்டி, நம்ம எல்லாரும் வாங்கின திட்டுதானே அது! அவ கையில ஒரு வளையல குடுத்து ஒரு பந்துக்கு மாட்ட சொல்லுங்க, வளையல் போட்ட கிரகம்னு பேரு வைங்க, பயம் போயிடும். அது தண்ணியவிட அடர்த்தி கம்மி, அவ்ளோ பெரிய தண்ணி தொட்டி இருந்தா மிதக்கும்னு சொல்லுங்க. சூரியனை ஒரு சுத்து சுத்தி வர ஏறக்குறைய 30 வருஷம் எடுத்துக்கும், அந்த 30 வருஷத்தை 12 ராசிக்கு பங்கு போட்டா ஒரு ராசிக்கு ரெண்டரை, மூணு ராசிக்கு ஏழரை. உங்க ஏழரை நாட்டு சனி அங்க இருந்து வந்த கணக்குதான். நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம், பிள்ளைக்கு மட்டும் அது மெதுவா நடக்கிற கிரகம்னு சொன்னா போதும்.

கேள்வி: தெர்மகோல்ல சூரிய குடும்பம் மாடல் செஞ்சோம். எல்லா பந்தும் பக்கத்து பக்கத்துலயே இருக்கு. நிஜத்துல எவ்ளோ தூரம்னு எப்படி புரிய வைக்கிறது?
(ஒரு அம்மா, ஈரோடு)

பதில்: இந்த கேள்விக்காகவே உங்களுக்கு ஒரு டிகாஷன் காபி வாங்கித்தரலாம். சார்ட், மாடல் எல்லாமே இந்த ஒரு விஷயத்துல பொய் சொல்லுது, பேப்பர்ல இடம் பத்தாதே, என்ன பண்றது. எங்க அக்கா பையன் ஒண்ணாம் கிளாஸ், அவனோட நான் செஞ்சதை சொல்றேன். ஒரு ஃபுட்பால் (22 சென்டிமீட்டர்), அஞ்சறைப்பெட்டி, அவ்ளோதான் சாமான். ஃபுட்பால்தான் சூரியன், வீட்டு கேட்கிட்ட வச்சாச்சு. அந்த அளவுக்கு பூமி எவ்ளோ தெரியுமா, ஒரு கடுகு! அதை 24 மீட்டர் தள்ளி வைக்கணும், நான் நடந்தா 34 காலடி. அதுக்கு முன்னாடியே 9 மீட்டர்ல புதனுக்கு ஒரு கசகசா, 17 மீட்டர்ல வெள்ளிக்கு இன்னொரு கடுகு. செவ்வாய்க்கும் கசகசாதான், 36 மீட்டர்ல. வியாழன் ஒரு சின்ன நெல்லிக்காய், தெருமுனை தாண்டி 120 மீட்டர்ல. சனிக்கு அரநெல்லி, யுரேனஸ் நெப்டியூனுக்கு ஆளுக்கொரு கருப்பு கொண்டக்கடலை, அதுல நெப்டியூனை வைக்க 700 மீட்டர் நடக்கணும், நாங்க பஸ் ஸ்டாப் வரைக்கும் போயிட்டு வெயில் தாங்காம ஒரு சர்பத் குடிச்சுட்டு திரும்பினோம்.

இதுல நடந்த கூத்து என்னன்னா, கடுகை அவன் கையில குடுத்திருந்தேன், பாதி வழியில நழுவ விட்டுட்டான். ரோட்டுல குனிஞ்சு தேடறான் தேடறான், கிடைக்கல. "சித்தி, பூமி தொலைஞ்சு போச்சு"ன்னு அழுற மாதிரி நிக்கிறான்! அப்புறம் வேற கடுகு எடுத்து சோத்துப் பருக்கை வச்சு ஒரு வெள்ளை பேப்பர்ல ஒட்டி குடுத்தேன், நீங்க முதல்லயே அப்படி பண்ணிடுங்க. அதே பேப்பர்ல 6 சென்டிமீட்டர் தள்ளி ஒரு ரவை ஒட்டினா அது நிலா. மனுசன் இதுவரைக்கும் போய் இறங்கினது அந்த ஆறு சென்டிமீட்டர்தான். நம்ம மங்கள்யான் 2013 நவம்பர்ல கிளம்பி 2014 செப்டம்பர்ல செவ்வாய்க்கு போச்சே, கடுகுல இருந்து கசகசாவுக்கு பத்து மாசத்துக்கு மேல. இவ்ளோவும் முடிச்சுட்டு "அடுத்த சூரியன் எங்க சித்தி?"ன்னு கேட்டான். அதாவது நமக்கு பக்கத்து நட்சத்திரம், கணக்கு போட்டா 6,400 கிலோமீட்டர் வருது, சென்னைல ஒரு பந்து வச்சா அடுத்த பந்து டோக்கியோகிட்ட.

கேள்வி: சூரியனுக்கு பக்கத்துல இருக்கற புதன் தானே ரொம்ப சூடு?
(சேலம் வாசகர்)

பதில்: இல்லைங்க, வெள்ளி. புதன்ல காத்து கிட்டத்தட்ட கிடையாது, பகல்ல 430 டிகிரி போனாலும் ராத்திரி மைனஸ் 180க்கு இறங்கிடும். வெள்ளிய கார்பன் டை ஆக்சைடு கம்பளி மாதிரி போத்தியிருக்கு, ராத்திரி பகல் எப்பவும் 460க்கு மேல. வெயில்ல கண்ணாடி ஏத்தி நிறுத்தின கார் கதவை திறந்து காட்டுங்க, புரிஞ்சுடும்.

கேள்வி: பொறந்தநாளுக்கு டெலஸ்கோப் வாங்கி தரலாமா?
(ஒரு மாமா, திருச்சி)

பதில்: டப்பா மேல எத்தனையோ மடங்கு பெருசா தெரியும்னு போட்ட பொம்மை டெலஸ்கோப் வேண்டாம், ஆடிக்கிட்டே இருக்கும், ரெண்டு நாள்ல பரண் மேல போயிடும். ஒரு நல்ல பைனாகுலர் வாங்குங்க, சுவத்துல சாய்ச்சு ஆடாம புடிச்சா வியாழனோட நாலு பெரிய நிலா புள்ளி புள்ளியா தெரியும், கலிலியோ 1610ல பார்த்தாரே, அதே நாலு. சூரியன் பக்கம் மட்டும் அதை திருப்பவே கூடாது, கண்ணு போயிடும், முதல் ரூலே அதுதான். சனியோட வளையத்துக்கு நிஜ டெலஸ்கோப் வேணும், அதுக்கு உங்க ஊர் அண்ணா அறிவியல் மையத்துலயோ சென்னை பிர்லா கோளரங்கத்துலயோ வானம் பார்க்கற நிகழ்ச்சி இருக்கான்னு போன் போட்டு கேளுங்க. அதுவரைக்கும் மொட்டை மாடி போதும், மின்னாம நிலையா எரியுற புள்ளிதான் கிரகம், அது எதுன்னு மருமகனை தேட சொல்லுங்க. முதல் நாள் கண்டிப்பா ஏரோபிளேனை காட்டுவான்.