தங்க முலாம் பூசிய போர்க்கப்பல்

கேள்வி: 17ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலான ‘சாவரின் ஆஃப் தி சீஸ்’ ஒரு மெழுகுவர்த்தியால் அழிந்தது என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். முதலாம் சார்லஸ் மன்னரின் ஆணைப்படி, கப்பல் கட்டும் வல்லுநர் ஃபினியஸ் பெட்டின் மேற்பார்வையில் அவர் மகன் பீட்டர் பெட் லண்டனை அடுத்த வுல்விச்சில் கட்டிய இக்கப்பல், 1637 அக்டோபரில் நீரில் இறங்கியது. 90 பீரங்கிகள் போதும் என்றிருந்த திட்டத்தை 102 ஆக உயர்த்தியவர் மன்னரே. கறுப்பு வண்ணத்தின் மீது பொன்னாய் மின்னிய சிற்பங்கள் உட்பட, செலவு 65,000 பவுண்டைத் தாண்டியது. கடற்படைச் செலவுக்கென நாடாளுமன்றத்தின் ஒப்புதலின்றி, கடலையே காணாத உள்நாட்டு மாவட்டங்களிலும் வசூலிக்கப்பட்ட ‘கப்பல் வரி’ மக்களிடையே மூட்டிய வெறுப்பு, பின்னர் மூண்ட உள்நாட்டுப் போருக்கான காரணங்களுள் ஒன்றானது.

விந்தை என்னவென்றால், சார்லஸ் 1649இல் தலை வெட்டப்பட்டு இறந்த பிறகு, அவரை வீழ்த்திய குடியரசின் கொடியோடுதான் 1652இல் வடகடலிலுள்ள கென்டிஷ் நாக் மணல்திட்டு அருகே டச்சுக்காரர்களுடன் இக்கப்பல் போரிட்டது. அதற்கு முன்பே, எளிதாகத் திருப்புவதற்காக, அதன் மேற்கட்டுமானத்தைக் குறைத்துவிட்டார்கள். பிரெஞ்சுக் கடற்படையை எதிர்த்த 1692ஆம் ஆண்டு பார்ஃப்ளர் போரிலும் தப்பிய கப்பல், 1697 ஜனவரியில் இங்கிலாந்தின் சாத்தம் கடற்படைத் தளத்தில் நின்றிருந்தபோது, யாரோ கவனிக்காமல் விட்ட மெழுகுவர்த்தியால் தீப்பற்றி, நீர்மட்டம் வரை எரிந்துபோயிற்று.